பத்தாவது பாஸா, பத்தாவது வரைக்குமா? தொழிலாளர் கணக்கெடுப்பில் கல்வித் தகுதி பதிவாகும் விதம்

2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரையிலான ஓராண்டில், இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே வேலையின்மை 3.2 சதவீதம். பட்டதாரிகளை மட்டும் எடுத்தால் அது 13.4 சதவீதம். இந்த இரண்டு எண்களும் பட்டிமன்ற மேடை முதல் சட்டமன்றம் வரை எல்லா இடத்திலும் அடிபடுகின்றன. முதல் எண்ணைப் பற்றி நிறைய சண்டை நடந்திருக்கிறது. எது வேலை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்தவரை வேலையில் இருப்பவர் என்று எண்ணலாமா, சம்பளமில்லாமல் வீட்டுக் கடையைப் பார்த்துக்கொள்பவரை என்ன செய்வது என்றெல்லாம் கேட்டாயிற்று. இரண்டாவது எண்ணுக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் கணக்கில் பட்டதாரி என்று யாரைச் சேர்த்தார்கள்? அதை யாரும் கேட்பதில்லை. படிப்பு என்பது வயது, பால் போல எழுதிவிட்டுப் போகக்கூடிய சங்கதி என்றே நினைத்துவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொத்தக் கணக்கெடுப்பிலும் நிரப்புவதற்குச் சிரமமான கட்டங்களில் அதுவும் ஒன்று.

இந்த எண்களைத் தருவது பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வழிவந்தது. முன்பெல்லாம் வேலைவாய்ப்பு பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும். 1972-73-ல் ஆரம்பித்த அந்த வரிசை 2011-12-உடன் முடிந்தது. 2017 ஏப்ரலில் பி.எல்.எஃப்.எஸ். வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்குப் பிறகு நடக்கவில்லை, அடுத்ததற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் பத்தாவது தாண்டியிருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் இதனிடம்தான் வரவேண்டியிருக்கிறது. வேலையை அளக்கப் பிறந்த கணக்கெடுப்பு, நாட்டின் படிப்பை அளக்கும் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது.

கட்டமும் அதன் விதியும்

வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் 'பொதுக் கல்வி நிலை' என்று ஒரு கட்டம். அதில் இரண்டு இலக்கக் குறியீடு எழுதவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் 01. பள்ளிக்குப் போகாமல் எழுத்தறிவு பெற்றவர்களுக்கு 02 முதல் 04 வரை. பள்ளிக்குப் போய்த் தொடக்கப்பள்ளியை முடிக்காதவர் 05, தொடக்கக் கல்வி முடித்தவர் 06, நடுநிலை 07, பத்தாம் வகுப்பு 08, பன்னிரண்டு 10, டிப்ளமோ அல்லது சான்றிதழ்ப் படிப்பு 11, பட்டம் 12, முதுகலையும் அதற்கு மேலும் 13. நடுவில் 09 என்ற எண்ணே கிடையாது. தரவைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் முதலில் திகைக்கும் இடம் அதுதான்.

கட்டத்தை ஆளும் விதி ஒன்றே ஒன்று: வெற்றிகரமாக முடித்த மிக உயர்ந்த நிலை. பி.ஏ. முதலாண்டோடு நின்றவரும் பி.ஏ. கடைசித் தேர்வில் தோற்றவரும் பன்னிரண்டாவது முடித்தவர்களாகவே பதிவாவார்கள். பன்னிரண்டு வரை போய்த் தேர்வு எழுதாதவர் பத்தாவதில் நிற்பார். பத்தாவதில் தவறியவர் நடுநிலைக்கு இறங்குவார். காகிதத்தில் படிக்கும்போது குழப்பமே இல்லாத விதி. வீட்டு வாசலில் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பார்ப்போம். கள அலுவலர் கையில் டேப்லெட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் இருப்பது குடும்பத்தலைவி மட்டும்.

"வீட்டுக்காரர் என்ன படிச்சிருக்காரும்மா?"

"அவரு அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. சார்."

"பாஸ் பண்ணிட்டாரா?"

"அதெல்லாம் நான் கேட்டுக்கிட்டதில்ல. எஸ்.எஸ்.எல்.சி.ன்னுதான் பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னாங்க."

"பசங்க?"

"பெரியவன் பாலிடெக்னிக். சின்னவன் பி.இ. முடிச்சிட்டு வீட்டுலதான் இருக்கான்."

"டிகிரி வாங்கியாச்சா?"

"ரெண்டு அரியர் இருக்கு சார். வர்ற நவம்பர்ல எழுதிருவான்."

"மருமக?"

"டீச்சர் ட்ரெயினிங். ப்ளஸ் டூவுக்கு அப்புறம் படிச்சிருக்கு."

"நீங்க?"

"நான் எட்டாவது பாதியில நின்னுட்டேன். எங்க அத்தை பள்ளிக்கூடமே போனதில்ல. அறிவொளி வந்தப்ப எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க."

ஐந்து நிமிடப் பேச்சுதான். ஆனால் ஒவ்வொரு பதிலும் கட்டத்தோடு மோதுகிறது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோரு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978-ல்தான். அதற்கு முன் பதினோராவது முடித்து, கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்து, பிறகு மூன்றாண்டு பட்டம். இன்று அறுபதைத் தாண்டிய ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தால் இன்றைய பத்தாவதுக்குச் சமம், அதாவது 08. பதினோரு ஆண்டும் வகுப்பில் உட்கார்ந்து கடைசித் தேர்வில் ஒரு பாடம் போயிருந்தால் 07, இன்று எட்டாவதோடு நின்றவருக்கும் அவருக்கும் ஒரே எண். மனைவிக்கு விடை தெரியாது. கணவர் வயலிலிருந்து வரும்வரை காத்திருக்க அலுவலருக்கு நேரம் இருக்காது, அன்றைக்கே இன்னும் பல வீடுகள் பாக்கி. அநேகமாக 08 என்று விழும்.

சின்னவன் விஷயம் இன்றைய தமிழ்நாட்டுக்கே உரியது. நான்கு ஆண்டும் படித்துவிட்டான், வளாகத்தைவிட்டு வெளியே வந்துவிட்டான், வேலை தேடுகிறான். வீட்டாருக்கும் ஊருக்கும் அவன் இன்ஜினியர். விதிப்படி அவன் 10, பன்னிரண்டாவது முடித்தவன். அரியர் பற்றி அலுவலர் துருவிக் கேட்டால் வேலையில்லாப் பட்டதாரிகள் கணக்கில் ஒருவர் குறைவார், கேட்காவிட்டால் கூடுவார். பொறியியல் கல்லூரிகள் இத்தனை இருக்கும் மாநிலத்தில் இப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டதாரிகளின் வேலையின்மையைப் பேசும்போது பட்டத்தின் வாசலில் நிற்கும் இந்தக் கூட்டம் எந்தப் பக்கம் எண்ணப்பட்டது என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அத்தையின் கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கம் நாடறிந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். முழு எழுத்தறிவு இயக்கத்தில் கற்றவர்களுக்கென்றே 03 என்ற குறியீடு இன்றும் படிவத்தில் இருக்கிறது. ஆனால் எழுத்தறிவு உள்ளவர் என்றால் ஏதாவது ஒரு மொழியில் எளிய செய்தி ஒன்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும் என்பது வரையறை. முப்பது ஆண்டுக்கு முன் கற்றது இன்னும் கையில் இருக்கிறதா? சோதித்துப் பார்க்க இங்கே வழியில்லை, குடும்பத்தலைவி சொன்னதுதான் சான்று. தேசியக் குடும்பநல ஆய்வில் மேல்வகுப்பு எட்டாதவர்களிடம் ஒரு அட்டையை நீட்டி அதில் உள்ள வாக்கியத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். தொழிலாளர் கணக்கெடுப்பில் அந்த ஏற்பாடு கிடையாது. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கணக்கெடுப்புகள் இரண்டு எழுத்தறிவு எண்களைத் தந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விதி எனக்குப் பிடித்தமானது. சமஸ்கிருதம், பாரசீகம் போன்ற கீழ்த்திசை மொழிகளைப் பொதுக்கல்வி வழியில் இல்லாமல் தனி முறையில் முறைப்படி கற்றுத் தேர்ந்தவர்களை, அதற்கு இணையான பொதுக்கல்வி நிலையில் வைக்கச் சொல்கிறது அலுவலர் கையேடு. நம் ஊர்ப் பழைய வித்வான், புலவர் பட்டக்காரர்களுக்கு இடம் கிடைப்பது இந்த வாசல் வழியாகத்தான். எதற்கு எது இணை என்று முடிவு செய்வது மட்டும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் பொறுப்பு.

ஒரே 'பாஸ்', வேறு வேறு காலம்

குறியீடு மாறாமல் இருக்கும்போது அதன் பொருள் மாறிவிடுவதும் நடக்கிறது. 2020-ல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. 2021-லும் பத்தாவதுக்கு அப்படியே. அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நடக்கவில்லை, முந்தைய மதிப்பெண்களை வைத்து எல்லோரும் தேறினார்கள். வேறு வழி இருந்திருக்காது, அந்தப் பிள்ளைகள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் புள்ளிவிவரத்தில் இதற்கு விளைவு உண்டு. சுமாராக 2003 முதல் 2006 வரை பிறந்தவர்கள் இப்போது கணக்கெடுப்பில் பெரியவர்களாக வருகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் தேர்வு வடிகட்டி 07-லோ 08-லோ நிறுத்தியிருக்கக்கூடிய ஒரு பகுதியினர் இவர்களில் 08-க்கும் 10-க்கும் ஏறியிருப்பார்கள். ஐந்து, பத்து ஆண்டு கழித்துப் பத்தாவது படித்தவர்களின் கூலியையும் எட்டாவது படித்தவர்களின் கூலியையும் ஒப்பிடப்போகும் ஆய்வாளர், இந்த இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கவேண்டும். தரவில் இதற்கு அடிக்குறிப்பு இருக்காது.

மாநில எல்லையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வி ஐந்தாவதோடும் நடுநிலை எட்டாவதோடும் முடிகிறது. கேரளத்தில் மரபாகக் கீழ்த்தொடக்கம் நாலாவதோடும் மேல்தொடக்கம் ஏழாவதோடும் முடிந்து, எட்டாவதிலிருந்து உயர்நிலைப்பள்ளி. செங்கோட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழாவதோடு நின்ற இரண்டு பேர் பள்ளிப்படிப்பில் வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள்.

பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும்

பெரியவன் பாலிடெக்னிக், மருமகள் ஆசிரியர் பயிற்சி. இருவருக்கும் 11. ஆனால் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ பத்தாவதுக்குப் பின் மூன்றாண்டு, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ பன்னிரண்டுக்குப் பின் இரண்டாண்டு. பெரியவன் ப்ளஸ் டூ வகுப்பறையை மிதித்ததே இல்லை, இருந்தும் எண் வரிசையில் ப்ளஸ் டூவுக்கு மேலே நிற்கிறான். பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பு அவனுக்கு உண்டு என்பதால் அந்த இடம் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தக் குறியீடுகளை ஏணிப்படிகளாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் கூலி எவ்வளவு கூடுகிறது என்று ஆய்வு செய்யும்போது. 11 என்பது பக்கவாட்டில் இருக்கும் படி. அதை மேலே இருக்கும் படியாக வைத்துக் கணக்குப் போட்டால் விடை கோணலாகத்தான் வரும்.

ஐ.டி.ஐ. இன்னும் சிக்கல். சில தொழிற்பிரிவுகளுக்கு எட்டாவது போதும், பலவற்றுக்குப் பத்தாவது வேண்டும். காலம் ஓராண்டாகவும் இருக்கும், இரண்டாண்டாகவும் இருக்கும். எட்டாவதுக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக மொழித்தேர்வு முதலியவற்றை எழுதிப் பத்தாவதுக்கு இணையான சான்றிதழும் வாங்க முடியும். வெல்டர் ஒருவரின் அம்மாவிடமோ மனைவியிடமோ இதையெல்லாம் கேட்டுப் பிரிப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

பொதுக்கல்விக்கு அடுத்தாற்போல் தொழில்நுட்பக் கல்விக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அங்கேதான் எனக்கு இந்தப் படிவத்தின் மேல் உள்ள பெரிய வருத்தம். பட்டத்துக்குக் கீழான டிப்ளமோ, சான்றிதழ்களுக்கு வேளாண்மை, பொறியியல், மருத்துவம், கைவினை, மற்றவை என்று ஐந்து பிரிவு வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பப் பட்டம் என்று வந்தால் வேளாண்மை, பொறியியல், மருத்துவம் எல்லாம் சேர்ந்து 02 என்ற ஒரே குறியீடு. எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டரும் சிவில் இன்ஜினியரும் பி.எஸ்சி. அக்ரியும் தரவில் ஒருவரே. ஆண்டுதோறும் பொறியியல் கலந்தாய்வும் மருத்துவக் கலந்தாய்வும் வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கும் தமிழ்நாட்டில், எந்தப் படிப்புப் படித்தவர்களுக்கு வேலை இல்லை என்று கேட்டால், நாட்டின் முதன்மையான தொழிலாளர் கணக்கெடுப்பால் இன்ஜினியரையும் டாக்டரையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாத நிலை. பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.ஏ. வரலாறு பற்றிக் கேட்டாலும் அதே நிலைதான். பட்டம் 12 என்பதோடு முடிந்துவிடும்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதே படிப்பு

இதுவரை சொன்னது கட்டத்தை நிரப்புவது பற்றி. அதற்கும் முன்னால், எந்த வீட்டுக்குப் போவது என்று தீர்மானிப்பதிலேயே படிப்பு புகுந்துவிடுகிறது. 2017-ல் வந்த முக்கியமான மாற்றம் இது.

ஒரு ஊரோ நகரப் பகுதியோ மாதிரியில் விழுந்தால், முதலில் அங்குள்ள வீடுகளையெல்லாம் பட்டியல் போடுவார்கள். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் பத்தாவதோ அதற்கு மேலோ முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு வீடுகளை மூன்றாகப் பிரிப்பார்கள். மூன்று பேருக்குக் குறையாமல் இருந்தால் முதல் பிரிவு, ஒருவரோ இருவரோ என்றால் இரண்டாம் பிரிவு, யாருமே இல்லையென்றால் மூன்றாம் பிரிவு. 2024 வரையிலான முறையில் ஓர் ஊருக்கு எட்டு வீடு. முதல் பிரிவில் 2, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 2.

நூறு வீடுள்ள ஓர் ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். முதல் பிரிவில் 10 வீடு, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 50 என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரிவில் 10-க்கு 2 எடுப்பதால் ஒவ்வொரு வீடும் 5 வீடுகளுக்காகப் பேசும். இரண்டாவதில் 40-க்கு 4, ஒரு வீடு 10-க்குப் பேசும். மூன்றாவதில் 50-க்கு 2, ஒரு வீடு 25-க்குப் பேசும். கண்ணை மூடிக்கொண்டு எட்டு வீட்டை எடுத்திருந்தால் படித்தவர்கள் நிறைந்த வீடு சராசரியாக ஒன்றுகூட வந்திருக்காது. இங்கே வேண்டுமென்றே இரண்டு எடுக்கிறார்கள். வேலையின்மை என்பது ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் பரவியிருக்கும் சங்கதி அல்ல. படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் குவிந்திருக்கும். அந்த வீடுகளைக் கூடுதலாகப் பார்த்தால் வேலையின்மையைத் துல்லியமாக மதிப்பிடலாம் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை.

ஆனால் 2011-12 வரை வீடுகளைப் பிரித்த முறை வேறு. கிராமத்தில் வசதியையும் விவசாயம் அல்லாத வருமானத்தையும் பார்த்தார்கள், நகரத்தில் தலைக்கு மாதச் செலவைப் பார்த்தார்கள். 2011-12-ல் 2.2 சதவீதமாக இருந்த வேலையின்மை 2017-18-ல் 6.1 சதவீதம் என்று வந்தபோது, 2019 மே மாதம் அறிக்கையை வெளியிட்ட அரசு, முறை மாறிவிட்டது, இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்றது. படித்த வீடுகளைக் கூடுதலாக எடுத்ததால்தான் எண் ஏறியது என்ற வாதம் அப்போது கிளம்பி இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அந்த வாதத்தை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். கூடுதலாக எடுத்த வீட்டுக்கு எடை 5, குறைவாக எடுத்த வீட்டுக்கு எடை 25. கூட்டும்போது ஊரின் உண்மையான விகிதம் திரும்ப வந்துவிடும். எடை போட்டுக் கூட்டும்வரை, தேர்ந்தெடுத்த முறை ஒன்றே வேலையின்மையை மூன்று மடங்காக்க வழியில்லை. அக்கறைப்படவேண்டிய இடம் வேறொன்று. பட்டியல் போடும் நாளில் "பத்தாவது முடிச்சவங்க எத்தனை பேர்" என்று வாசலில் நின்றபடி கேட்கும் அந்த ஒரு நிமிடக் கேள்வி. விதிவிளக்கத்துக்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. அன்று "யாரும் இல்லை" என்று பதிவான வீட்டில் பிறகு விரிவாகக் கேட்கும்போது வேலை தேடும் பட்டதாரி ஒருவர் இருப்பது தெரிந்தால், அவர் 10 பேருக்குப் பதில் 25 பேராக எண்ணப்படுவார். பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இது ஒருபக்கமாகச் சாய்க்காது, ஆனால் எண்களை ஆட்டும். இந்திய அளவில் அந்த ஆட்டம் தெரியாது. ஒரு மாநிலத்துப் பட்டதாரிப் பெண்கள் என்று சின்ன வட்டத்துக்கு வந்தால் ஆண்டுக்கு ஆண்டு எண் குதிப்பது போலத் தெரியும். அந்தக் குதியலை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து முறை மறுபடி மாறியிருக்கிறது. ஓர் இடத்துக்கு எட்டு வீடு என்பது பன்னிரண்டாகியிருக்கிறது, மாதந்தோறும் மதிப்பீடு வருகிறது, மாவட்டம் அடிப்படை அலகாகியிருக்கிறது. சின்ன வட்டங்களின் ஆட்டம் ஓரளவு அடங்கும் என்று எதிர்பார்க்கலாம். அதேசமயம் முன்பின் ஒப்பீட்டுச் சண்டை இன்னொரு முறை வரும்.

13.4 என்ற எண்ணைப் படிப்பது

பட்டதாரிகளின் வேலையின்மைக்குத் திரும்புவோம். இதன் வகுக்கும் எண் எல்லாப் பட்டதாரிகளும் இல்லை. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் மட்டும்தான். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு, வேலை தேடாமல் இருக்கும் பெண் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வரமாட்டார். அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லும் இளைஞர், 'மாணவர்' என்று பதிவானால் வெளியே போய்விடுவார், 'வேலை தேடுகிறார்' என்று பதிவானால் உள்ளே வருவார்.

அடுத்தது வயது. பெரியவர்களின் படிப்பு என்பது பல தலைமுறைகளின் படிவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் பெரும்பகுதி வயதானவர்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வசதி அவர்களுக்கு என்றுமே இருந்ததில்லை, கிடைத்த கூலிக்குப் போவார்கள். அதனால் அவர்களிடையே வேலையின்மை ஏறக்குறைய இல்லை என்று அட்டவணை காட்டும். பட்டதாரிகளோ வயதில் இளையவர்கள். நூறு பட்டதாரிகளில் 50 பேர் முப்பது வயதுக்குக் கீழே, அவர்களில் 12 பேர் வேலை தேடுகிறார்கள், மேலே உள்ள 50 பேரில் ஒருவர்தான் தேடுகிறார் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், மொத்தம் 13 சதவீதம் வந்துவிடும். இளையவர்களுக்கு அது 24, மூத்தவர்களுக்கு 2. படித்தவனுக்கு வேலையில்லை என்ற முடிவுக்கும், படித்து முடித்தவுடன் முதல் வேலை கிடைக்க ஆண்டுகள் ஆகின்றன என்ற முடிவுக்கும் மிகுந்த வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதுதான் நோய் என்றால் மருந்தும் வேறு. வயதைப் பிரிக்காமல் படிப்பை மட்டும் பிரித்துப் போடும் அட்டவணை இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. அடிப்படைத் தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகம் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தடை எதுவும் இல்லை.

சுவாமிமலைச் சிற்பிக்கு என்ன குறியீடு?

சான்றிதழ் இல்லாத கல்வியை இந்தப் படிவம் அடியோடு கைவிட்டுவிடவில்லை. தொழிற்பயிற்சி பற்றி ஒரு கேள்வி உண்டு. முறைப்படியான பயிற்சியா, பரம்பரையாக வந்ததா, தானே கற்றதா, வேலையில் இருந்தபடி கற்றதா என்று பிரித்துக் கேட்கிறார்கள். 2022-23-ல் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், மற்ற வழிகளில் கற்றவர்கள் 16.6 சதவீதம்.

சுவாமிமலையில் மெழுகில் உருவம் வடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் ஸ்தபதிக்கு இந்தப் படிவத்தில் 'பரம்பரை' என்ற இடம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கட்டத்தில் அவருக்கு 'எதுவும் இல்லை'. பொதுக்கல்வியில் அவர் பள்ளியை விட்ட வகுப்பு. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுக் கல்லூரி ஒன்று சிற்பமும் கட்டடக் கலையும் கற்பிக்கிறது. அங்கே படித்து வருபவர் பட்டதாரி, 12. ஒரே கலை, ஒரே சிற்ப சாத்திரம், தரவில் இருவரும் இரண்டு துருவம். கூலிக்கும் படிப்புக்கும் உள்ள உறவை இந்தத் தரவில் தேடுகிறவருக்கு, நல்ல வருமானம் உள்ள அந்த எட்டாவது படித்த ஸ்தபதி ஒரு விதிவிலக்காகத் தெரிவார். திருப்பூர்க் கட்டிங் மாஸ்டர், சிவகாசி அச்சகத்தில் நிறம் சேர்ப்பவர் எல்லோரும் இப்படித்தான். இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. அப்பாவோடு பட்டறையில் வளர்ந்தவரிடம் பயிற்சி எடுத்தீர்களா என்று கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை சார் என்றுதான் முதலில் வரும். இரண்டாவது முறை வேறு விதமாகக் கேட்கும் அலுவலர் வாய்த்தால்தான் அந்த 16.6-க்குள் அவர் வருவார்.

மற்ற நாடுகளும் இந்தப் பாதையில் தடுமாறித்தான் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் மாதாந்திரக் கணக்கெடுப்பு பல பத்தாண்டுகள் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்றே கேட்டது. நாலு ஆண்டு கல்லூரிக்குப் போனவர் எல்லாம் பட்டம் வாங்கியவர் ஆகமாட்டார் என்பதால், 1992-ல் முடித்த நிலையையும் பெற்ற பட்டத்தையும் கேட்கும் முறைக்கு மாறினார்கள். இந்தியப் படிவம் இரண்டையும் கேட்கிறது. கல்வி நிலையோடு முறைசார் கல்வியில் கழித்த ஆண்டுகளுக்கும் ஒரு கட்டம் உண்டு, அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. இலங்கையின் தொழிற்படைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் சாதாரண தரத்துக்கு அடுத்து 'உயர்தரமும் அதற்கு மேலும்' என்று ஒரே பிரிவு வரும். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். முடித்துக் கடையில் நிற்பவரும் பல்கலைக்கழகப் பட்டதாரியும் அந்தப் பிரிவில் ஒன்றாகிவிடுகிறார்கள். யுனெஸ்கோவின் 2011-ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கல்வி வகைப்பாட்டில், ஒரு நிலையை முடித்தவரையும் பாதியில் நின்றவரையும் பிரித்துக் காட்ட இடம் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. நடத்தி, சிங்கப்பூரும் பங்கேற்ற ஆய்வு இன்னும் ஒருபடி போய், சான்றிதழைக் கேட்பதோடு பெரியவர்களை உட்காரவைத்து வாசிப்பையும் கணக்கையும் நேரடியாகவே சோதிக்கிறது. நம் அளவுக்கு மாதிரி எடுக்கும் நாட்டில் எல்லோரையும் சோதிப்பது முடியாத காரியம். சிறிய துணை மாதிரியில் முடியும்.

என்னைக் கேட்டால் அவசரமாகச் செய்யவேண்டியவை அதிகம் இல்லை. தொழில்நுட்பப் பட்டத்தின் 02-ஐப் பிரிக்கவேண்டும், மற்ற பட்டங்களுக்கும் பாடத்தைக் கேட்கவேண்டும். முடித்த நிலையோடு கடைசியாக உட்கார்ந்த வகுப்பையும் பதியவேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு கல்விக்கென நடத்திய 2017-18 சுற்றில் படிப்பை இடையில் விட்டவர்களைப் பற்றி விரிவாகவே கேட்டிருக்கிறார்கள், ஆகவே கேட்கத் தெரியாமல் இல்லை. தன் படிப்பைத் தானே சொன்னவர்களையும் மற்றவர் வாயால் சொல்லப்பட்டவர்களையும் அட்டவணையில் பிரித்துக் காட்டினால், மருமகளின் படிப்பை மாமியாரும் கணவரின் படிப்பை மனைவியும் சொல்லும்போது எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விடத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உறுத்தப்போவது அந்தப் பத்தாவது என்ற கோடு. அறிக்கைகளில் பிரதானமான பிரிவு 'பத்தாவதும் அதற்கு மேலும்' என்பது. பத்தாவது முடித்த பந்தல் தொழிலாளியிலிருந்து பிஎச்.டி. வாங்கியவர் வரை அதில் அடக்கம். ஒரு காலத்தில் இந்தக் கோடு ஊரை இரண்டாகப் பிரித்தது. இன்று இங்கே முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டிவிட்டார்கள். வீடுகளைப் பிரிக்கும்போதும் 'யாரும் இல்லை' என்ற மூன்றாம் பிரிவில் பெரும்பாலும் முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளே மிஞ்சும், முதல் இரண்டு பிரிவுகள் நிரம்பி வழியும். பிகாரின் ஓர் ஊரில் வேலையில்லாதவர்கள் இருக்கும் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க இன்றும் உதவும் அதே கோடு, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஊரில் எதையும் பிரித்துக் காட்டாது. மாவட்டம் அடிப்படை அலகு ஆகிவிட்ட இந்த நேரத்தில், அந்தக் கோட்டை மாநிலத்துக்கு மாநிலம் மாற்றி வைப்பதில் புள்ளியியல் தடை எதுவும் இல்லை. எடை போடும் முறை அப்படியே செல்லும். தமிழ்நாட்டில் அது பன்னிரண்டாவதாக இருக்கலாம், நகரங்களில் டிப்ளமோவாகவும் பட்டமாகவும்கூட இருக்கலாம்.